ஃபாதர் பிஸ்கட்டைத் தேடி

கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பையைத் திறந்து தகர டப்பாவைப் பார்த்தேன். மூடி உள்வாங்கிக் குழிந்திருந்தது. நாற்பது பிஸ்கட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தில் பொன்னிறத் தூள்தான் கிடந்தது. வழியில் யாரோ பையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நானேகூட உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது, கடல மாவா?"

"பிஸ்கட்டுங்க. பிரான்ஸ்லேர்ந்து கொண்டுவந்தேன்."

"அம்மாந் தொலவுலேர்ந்து இடிச்சா கொண்டாந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிஸ்கட்டின் பெயர் சாப்ளே. பிரெஞ்சில் மணல் போலானது என்று பொருள். வெண்ணெயையும் மாவையும் விரல்களுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து, ஆற்று மணல்போல உதிர்கிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும். நான் கொண்டுவந்தது மறுபடியும் மணலாகிவிட்டது, அவ்வளவுதான்.

நான் பிறந்தது திண்டுக்கல். கணவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்ப்பதால் பதினோரு ஆண்டுகளாக பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், பிரிட்டனி என்ற கடலோரப் பகுதியில் குடியிருக்கிறோம். அதில் எட்டு ஆண்டுகளாக மரிவோன் என்பவரின் பிஸ்கட் கடையில் எனக்கு வேலை. மரிவோனுக்கு எழுபத்துநான்கு வயது. இன்றும் முழங்கை வரை மாவோடுதான் விடிகிறது அவருக்கு.

பிரான்ஸில் மற்ற ஊர்களில் வெண்ணெய் என்றால் உப்பில்லாத வெண்ணெய். பிரிட்டனியில் அப்படி ஒன்றை மேஜையில் வைத்தால் விருந்தாளி முகம் சுளிப்பார். ராஜாக்கள் காலத்தில் நாட்டின் பெரும்பகுதியில் உப்புக்குக் கடுமையான வரி இருந்ததாம். பிரிட்டனி அதிலிருந்து தப்பித்துக்கொண்டது. கடலும் உப்பளமும் வாசலிலேயே இருக்க, அவர்கள் வெண்ணெயில் தாராளமாக உப்பைப் போட்டுக் கெடாமல் வைத்தார்கள். அந்த உப்பு வெண்ணெய்தான் அவர்களுடைய பிஸ்கட்டுக்கு உயிர். மேலே முட்டை மஞ்சள் கரு பூசி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்துச் சுட்டெடுப்பார்கள். இதை முதலில் செய்தது யார் என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு சீமாட்டி வீட்டு விருந்தில் பிறந்தது என்பார்கள் சிலர். எங்கள் தெருவிலேயே பிறந்தது என்பவர்களும் உண்டு.

மரிவோன் கடை சாப்ளேவுக்கு ஊரில் நல்ல பெயர். அவருக்குத்தான் அதில் திருப்தி கிடையாது. அவருடைய அம்மா செய்த பிஸ்கட்டில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தனவாம். வறுத்த வாசனை ஒன்று வந்ததாம். அம்மா இறந்தபோது மரிவோனுக்கு எட்டு வயது. செய்முறை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. வெண்ணெயைக் கருக்கிப் பார்த்தார், சர்க்கரையைக் கருக்கிப் பார்த்தார், வாதுமையை வறுத்து அரைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார்.

அவருக்கு ஆலன் என்று ஓர் அண்ணன். அம்மா இறந்த சில ஆண்டுகளில் அவர் குருமடத்தில் சேர்ந்து, சாமியாராகி, கடலூருக்குக் கப்பலேறிவிட்டார். குடிகார அப்பாவோடு தன்னைத் தனியே விட்டுப் போனவன் என்று மரிவோன் அவரோடு பேச்சை நிறுத்தினார். கிறிஸ்துமஸ்தோறும் கடிதம் வரும். பிரிக்காமலே இழுப்பறையில் போடுவார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆலன் கடலூரில் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் கடிதங்களைப் பிரித்தார் மரிவோன். ஒன்றில் ஒரு வரி இருந்தது: "அம்மாவின் பிஸ்கட் இங்கே கிடைத்துவிட்டது." எப்படி என்று எழுதியிருக்கவில்லை.

நான் ஊருக்குப் போகிறேன் என்றதும் டப்பாவைக் கையில் கொடுத்து மரிவோன் சொன்னது இவ்வளவுதான்: "பிஸ்கட்டைப் பற்றி மட்டும் விசாரி. வேறு எதையும் கேட்க வேண்டாம்."

முதல் நாள், ஆலன் சாமியாராக இருந்த பங்குக் கோயிலுக்குப் போனேன். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அருளப்பன், அறுபது தாண்டியவர், மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆலன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆலன் ஃபாதரா? அவரு தமிழு நம்மளவிட நல்லா பேசுவாரும்மா. சின்னப் பசங்களகூட 'வாடா மச்சான்'னுதான் கூப்புடுவாரு. நீங்க அவருக்கு என்னா வேணும்?"

"சொந்தம் ஒண்ணும் இல்லீங்க. அவரோட தங்கச்சிகிட்ட வேலை பாக்கறேன்."

"தங்கச்சி இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஏறுங்க, கல்லறையப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

கேட்க வேண்டாம் என்றுதான் உத்தரவு, பார்க்க வேண்டாம் என்று இல்லையே என்று ஏறிக்கொண்டேன். கெடிலம் ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் மொபெட் நின்றுவிட்டது. ஆனி மாத வெயில். பிரிட்டனியில் இருபத்தைந்து டிகிரிக்கே செய்தியில் எச்சரிக்கை வாசிப்பார்கள். இங்கே தார் இளகி என் செருப்பைப் பிடித்தது. இருவரும் சேர்ந்து தள்ளினோம். "ஃபாதரும் இப்படித்தான் தள்ளுவாரு. அவரு வண்டியும் இதே எடத்துலதான் நிக்கும்" என்றார் உபதேசியார் மூச்சு வாங்கியபடி.

கல்லறையில் யாரோ அன்று காலையில்தான் செவ்வந்தி வைத்திருந்தார்கள். போட்டோ எடுத்தேன். மரிவோனுக்கு அனுப்பவில்லை.

சாப்பாட்டுக்கு அவரே ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். சங்கரா மீன் குழம்பு இலையில் ஓடியது. இரண்டாவது தடவை சோறு வாங்கும்போதுதான் பிஸ்கட் பேச்சை எடுத்தேன்.

"கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மஸ் சுடுவாரும்மா. வூட்டுக்கு நாலு குடுப்பாரு. அத எப்படி செய்யறாருன்னு பிலோமினாவுக்குதான் தெரியும். சமையக்கட்டுல வேல செஞ்ச பொண்ணு. கல்யாணம் கட்டிக்கினு சிதம்பரம் போயிடுச்சு. இப்ப பேக்கரி வச்சிருக்கு."

இலையை மூடினேன். "போன் நம்பர் இருக்குங்களா?"

"இருக்கு, எடுக்காது. நாளைக்கு அங்க தேரு. நேர்ல போங்க. ஃபாதர் பிஸ்கட் கடைன்னு கேட்டா சொல்லுவாங்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அவசரத்தில் நான் ஏறியது நேர் வண்டி இல்லை என்பது டிக்கெட் வாங்கும்போதுதான் தெரிந்தது. "இது புவனகிரி சுத்திப் போவும்மா. ஒண்ணும் அவசரமில்லையே?" என்றார் கண்டக்டர். அவசரம்தான் என்றேன். "அப்ப ஜன்னலோரமா உக்காருங்க. நேரம் போறது தெரியாது" என்றார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரத்தை நெருங்கியபோது வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். வழியில் ஒரு சின்ன ஓட்டலில் நாலு இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும். பதினோரு ஆண்டில் நான் மறந்துபோயிருந்த காரம். மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

தேரோடும் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் 'பிலோ பேக்கரி' இருந்தது. வாசலில் மூன்று வரிசைக்கு ஆட்கள். "அக்கா, ஃபாதர் பிஸ்கட் கால் கிலோ." "எனக்கு அரை கிலோக்கா." நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒரு பெரியவர், "ஃபாதர் சூடா இருக்காரா?" என்று கேட்டு வாங்கிப் போனார். கல்லாவுக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, ஒரே நேரத்தில் நான்கு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் ஐம்பது கிராம் வாங்கி, ஓரமாக நின்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வட்டம். மேலே மஞ்சள் கருவின் பளபளப்பு. முள்கரண்டிக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும். உடைத்தேன். உள்ளே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

வாயில் போட்டதும் உதிர்ந்து மணலானது. முதலில் வெண்ணெய், அடுத்து உப்பு. கடைசியில் ஒரு வறுத்த வாசனை நாக்கின் பின்பக்கத்தில் தங்கி நின்றது. எட்டு ஆண்டுகளாக மரிவோன் வாயால் கேட்டுக்கொண்டிருந்த வாசனை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"நீங்கதானே பிலோமினா? நான் பிரான்ஸ்லேர்ந்து..."

"தேரு நெலைக்கு வந்தப்புறம் பேசலாம்மா. தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்கவும் இடமில்லை. அவளுடைய கணவர் குமார், தட்டு தட்டாகச் சுமந்து வந்தவர், என்னைப் பார்த்து, "சும்மாதான நிக்கிறீங்க, இத கொஞ்சம் மடிச்சுக் குடுங்களேன்" என்று காகிதப் பைக் கட்டை என் கையில் திணித்தார். கைதான் பழகின கையாயிற்றே. பையைப் பிரித்து, பிஸ்கட்டை நிறுத்தி அடுக்கி, வாயை இரண்டு மடிப்பு மடித்து, மூலைகளை உள்ளே செருகிக் கொடுத்தேன். அடுத்தது, அடுத்தது. வெளியே மேளச் சத்தம் நெருங்க நெருங்கக் கூட்டம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. மூன்று மணி நேரம் நிமிரவில்லை. தேர் போனதை நான் பார்க்கவே இல்லை. சந்து முனையில் அதன் உச்சிக்குடை மட்டும் ஒருமுறை அசைந்து போனது.

கூட்டம் வடிந்ததும் பிலோமினா எனக்கு ஒரு டீயை நீட்டினாள். "நீங்க கடையில வேல பாக்கறவங்க. மடிக்கறதுலயே தெரியுது. இப்ப சொல்லுங்க."

சொன்னேன். மரிவோன் பெயரைக் கேட்டதும் அவள் முகம் இறுகிவிட்டது.

"ஓ. தங்கச்சி அனுப்புனாங்களா? எதுக்கு, பேரைக் கேக்கவா, மாவைக் கேக்கவா? ஃபாதர் பேரு போடக் கூடாதுன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. மாவுல என்ன சேக்கறீங்கன்னு மட்டும்தான்."

"மட்டும்தான்." அந்தச் சொல்லை அவள் திருப்பிச் சொன்னபோது எனக்கே கூசியது. "வருசா வருசம் லெட்டர் எழுதுவாரு. நாந்தான் போஸ்ட்ல போடுவேன். ஒரு பதில் வந்ததில்ல. கடைசியில படுத்துக் கெடந்தப்பகூட போஸ்ட்மேன் பெல் கேட்டா திரும்பிப் பாப்பாரு. இப்ப பிஸ்கட் வேணுமாக்கும்."

நசுங்கிய டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதையேதான் செய்கிறாள். அது பிறந்த ஊரின் ருசி அன்றுதான் அவள் நாக்கில் பட்டது.

"உப்பு சரியா இருக்கு. வெண்ண நம்மளவிட நல்ல வெண்ண. வாசனதான் இல்ல." டப்பாவை மூடினாள். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவுங்களே கேக்கட்டும். நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு இங்க வந்து அவுங்களுக்கு போன் போடுங்க."

மூன்றாம் நாள் காலையில் குமார் வெண்ணெய் வாங்கப் புவனகிரி கிளம்பினார். எருமைப் பால் வெண்ணெய், அங்கே ஒரு வீட்டில் வாடிக்கை. நானும் பைக்கில் தொற்றிக்கொண்டேன். ஐஸ் தண்ணீரில் மிதந்த வெண்ணெய் உருண்டைகள் பால்போல வெளுத்திருந்தன. எங்கள் கடை வெண்ணெய் மஞ்சள் கட்டி. திரும்பும் வழியில் குமார் தங்கள் கதையைச் சொன்னார்.

"நாங்க நெலம் நீச்சுன்னு இருக்கற குடும்பம். கோயில் திருவிழாவுல முத மரியாதைகூட உண்டு. நான் கிறிஸ்டியன் பொண்ணு கட்டறேன்னதும் அப்பா அருவாளத் தூக்கிட்டாரு. ஃபாதர் ஒரு பிஸ்கட் டப்பாவோட எங்க வூட்டுக்கு வந்தாரு. அப்பா கதவ சாத்திட்டாரு. மறுநாளும் வந்தாரு. பதினேழு நாளு வந்தாருங்க. டப்பாவ வாசல்ல வச்சிட்டுப் போயிடுவாரு. பதினெட்டாம் நாளு வரல. காய்ச்சல். எங்கப்பாதான் செருப்ப மாட்டிக்கினு, 'ஏன்டா, அந்தாளு ஏன் வரல?'ன்னு கெளம்பி கடலூருக்கே போனாரு."

சாயங்காலம் நான்கு மணி. அங்கே பகல் பன்னிரண்டரை. பிலோமினா முகம் கழுவி வேறு புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். கடையின் பின்னறையில், மாவு மேஜைக்கு முன்னால் மரிவோன் தெரிந்தார்.

"வணக்கம் சொல். மாவில் என்ன சேர்க்கிறாள் என்று கேள்."

சொன்னேன். பிலோமினா போனைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "சொல்றேன். அதுக்கு முன்னாடி அவுங்க அண்ணனப் பத்தி ஒரே ஒரு வார்த்த கேக்கட்டும்."

எட்டு ஆண்டுகளில் மரிவோனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. நயமாக மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அப்படியே சொல்லிவிட்டேன்.

மரிவோன் குனிந்துகொண்டார். சுத்தமாக இருந்த மேஜையை உள்ளங்கையால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். போனை அணைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு தலை தூக்காமல் கேட்டார்.

"அவன் சரியாகச் சாப்பிட்டானா?"

"ஃபாதர் நல்லா சாப்ட்டாரான்னு கேக்கறாங்க."

பிலோமினா ஏதோ கடுமையாகச் சொல்லத் தயாராக இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அவளிடம் கடுமை வரவில்லை.

"எங்க சாப்ட்டாரு? மீன் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் ஜாஸ்தி எறங்கும். கடைசி ஆறு மாசம் அதுவும் இல்ல, கஞ்சிதான். நான் இங்கேர்ந்து பஸ்ஸுல போயி ஊட்டிட்டு வருவேன்."

"என்ன கஞ்சி?" என்றார் மரிவோன்.

"கேவுரு கஞ்சி. அதான் அவருக்குப் புடிக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கேவுருதான் பிஸ்கட்லயும் போடறது. மைதாவுல கால்வாசி, நல்லா வறுத்து அரைச்ச கேவுரு மாவு."

கேழ்வரகு. நான் துள்ளி எழுந்ததில் டப்பாவோடு போன் விழுந்தது. எடுத்து நிமிர்த்தி, மாவு டின்னைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். கேழ்வரகுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? கறுத்த சின்னத் தானியம், ஏழைகள் சாப்பிட்டது, வசதி வந்ததும் மறைத்துக்கொண்டது என்று என்னென்னவோ சொன்னேன்.

மரிவோன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கறுப்புக் கோதுமை," என்றார்.

பிரிட்டனியில் அப்படியொரு தானியம் உண்டு. பெயர்தான் கோதுமை, குடும்பம் வேறு. கோதுமை விளையாத மெலிந்த மண்ணில் விளையும். இல்லாதவர்களின் அன்றாடச் சாப்பாடு அதுதான்.

"அம்மா அந்த மாவுப் பையை அலமாரிக்குப் பின்னால் வைத்திருப்பாள். யாராவது வந்தால் துணி போட்டு மூடுவாள். பிஸ்கட்டுக்கு வெள்ளை மாவு போதாமல் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஆலனுக்குத் தெரிந்திருக்கிறது."

தமிழில் சொன்னேன். பிலோமினா தலையாட்டினாள். "அந்த வாசனைக்காக நாலு வருசம் தேடுனாரு. மில்லுல நின்னு ஒவ்வொரு மாவா நக்கிப் பாப்பாரு. கம்பு போட்டாரு, சோளம் போட்டாரு. கேவுர வறுத்துப் போட்ட அன்னிக்கு ஒண்ணு தின்னுட்டு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து அழுதாரு. நான் கருகிடுச்சோன்னு பயந்துட்டேன்."

அதற்குப் பிறகு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மாவை எவ்வளவு நேரம் வறுப்பது, வெண்ணெயை எப்போது வெளியே எடுப்பது, உப்பைப் பொடிப்பதா பரலாக விடுவதா என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். உப்பு விஷயத்தில் சண்டையே வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் பதில் சொல்லிவிடுவார். கையசைவிலேயே பாதி புரிந்துகொண்டார்கள். குமார் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டி ஆறிப்போனது.

திரும்பும்போது பிலோமினா கொடுத்த டப்பாவை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

மரிவோன் கடையைத் திறக்குமுன், பின்னறையில் நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டைத் தள்ளவில்லை. மெதுவாக மென்று, விழுங்கி, இன்னொன்றை எடுத்தார்.

"வாசனை அம்மாவுடையது," என்றார். "ஆனால் அம்மா இவ்வளவு சர்க்கரை போட மாட்டாள். சர்க்கரை டப்பாவை எங்களுக்கு எட்டாத உயரத்தில் வைப்பாள். ஆலன் நாற்காலி போட்டு ஏறி, எனக்கும் ஒரு பிடி எடுத்துத் தருவான்." கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அம்மா பிஸ்கட் இல்லை, வசந்தி. இது அவன் செய்தது."

மூன்று சாப்பிட்டார். கையைக் கழுவி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்த ஊரில் வெயில் குறைவான மாதம் எது?"

"ஜனவரி. எங்களுக்குத் தை மாதம்."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துப் புரட்டினார். அது டிசம்பரோடு முடிந்துவிட்டது. கடைசித் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவால் ஜனவரி என்று எழுதி, "அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்," என்றார்.